சில்லூறு புகாத வீடு

மிக்சியைப் போர்வையால் சுற்றி, அதன்மேல் ஒரு தலையணையை வைத்து, தலையணையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு சம்பல் அரைக்கும் ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பாரிஸில், லா சப்பலில், என் எதிர்வீட்டில் இருந்த அக்கா அவர். ஐந்து வருடம் பக்கத்தில் இருந்தும் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. கடைக்காரர்களுக்கும் அக்கா, எனக்கும் அக்கா.

எங்கள் கட்டடத்துக்கு வீதிப்பக்கம் ஒரு பெரிய மரக்கதவு. தள்ளிக்கொண்டு உள்ளே போனால் கல் பதித்த முற்றம். முற்றத்தின் மூலையில், நிலத்தோடு ஒட்டி, எதிரெதிராக இரண்டு சிறிய வீடுகள். ஒன்றில் அக்கா தனியாக இருந்தார். மற்றதில் நான் தனியாக இருந்தேன். இரண்டு கதவுகளுக்கும் நடுவே நான்கு எட்டுகூட இல்லை.

வீதியில் அக்கா வேறு ஆள். மரக்கறிக் கடையில் முருங்கைக்காயை முறித்துப் பார்த்து, "இது முருங்கைக்காயோ, தும்புத்தடியோ?" என்று அவர் கேட்பது மெட்ரோ வாசலில் நிற்பவருக்கும் கேட்கும். மரக்கதவைத் தாண்டியதும் அந்தக் குரல் பாதியாகும். முற்றத்தில் கால்வாசி. வீட்டுக்குள் வந்துவிட்டால் உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

தொலைக்காட்சியில் நாடகம் பார்ப்பார். ஆனால் சத்தம் வைக்கமாட்டார்.

"சத்தமில்லாமல் எப்பிடி அக்கா விளங்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாமி கண்ணை உருட்டினால் சண்டை. திரை காத்துக்கு ஆடினால் ஆருக்கோ சாவு. இதுக்கு ஏன் தம்பி சத்தம்?"

மீன் பொரிப்பதென்றால் முதலில் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து மேல்மாடி யன்னல்களைப் பார்ப்பார். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, யார் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பிறகு உள்ளே போய், பழைய சேலையைச் சுருட்டித் தைத்த நீளத் தலையணையைக் கதவின் அடியில் செருகிவிட்டுத்தான் அடுப்பை மூட்டுவார். எனக்கும் அதேபோல ஒன்று தைத்துத் தந்தார். சாவித் துவாரத்தில் பஞ்சு. யன்னல் சட்டத்தின் வெடிப்பில் மெழுகு. எங்கே ஓட்டை கண்டாலும் அவருடைய விரல் தானாக அங்கே போய்விடும். என் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, "இருங்கோ" என்று நான் கதிரையைக் காட்ட, அவர் உட்காராமல் சுவரோரமாக நடந்து ஒவ்வொரு மூலையையும் தடவிப் பார்த்தது நினைவிருக்கிறது.

ஏன் இப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை. அவராகவே ஒருநாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"வந்த புதிசிலை நாங்கள் ஏழு பேர் ஒரு அறையிலை. ரெண்டு பேருக்கெண்டு சொல்லி எடுத்த அறை. எல்லாரும் மெல்லமாத்தான் இருந்தம். தடிமன் வந்திட்டுது. மேல்வீட்டுக்காரன் இருமலை எண்ணிப்போட்டான்."

"இருமலை எண்ணினவனோ?"

"ஓம். ஏழு விதமா இருமினால் ஏழு பேர் எல்லோ. கடிதம் வந்தது. மார்கழிக் குளிருக்கை உடுப்புப் பையளோடை வீதியிலை நிண்டம். இவருக்கு அப்பவே நெஞ்சுச்சளி."

இவர் என்றது அவருடைய கணவரை. அக்கா அடுத்த கிழங்கை எடுத்தார்.

அவருடைய பழக்கங்களைப் பார்த்துக் கடைகளில் சிலர் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. எனக்கும் சிறுவயதிலிருந்தே மெல்லத்தான் பேச வரும். அக்காவோடு இருக்கும்போது அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. நான் இருந்த அந்த வீடு வாடகைக்கு வருவதைச் சொல்லி, எனக்காக வீட்டுக்காரரிடம் பேசியவரும் அவர்தான்.

அந்த வீடு எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். மனைவியும் மகளும் சாவகச்சேரியில் இருந்தார்கள். மகளுக்கு ஆறு வயது. அவளை நான் கையில் தூக்கியது இரண்டு விடுமுறைகளில் மட்டும். அவர்களைக் கூப்பிடுவதற்குப் போட்ட முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஆறாம் மாடியில் நான் இருந்த அறை மூன்று பேருக்குப் போதாது என்று எழுதியிருந்தார்கள். பிறகு வீடு தேடுவதிலேயே இரண்டு வருடம் போனது. இந்த வீடு கிடைத்ததும் இரண்டாம் முறை போட்டேன். ஒக்டோபர் தொடக்கத்தில் கடிதம் வந்தது. மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை வீட்டைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி வருவார். அளவு, சுத்தம், சூடு எல்லாம் பார்த்து எழுதுவார். அவர் எழுதுவது சரியாக இருந்தால்தான் மற்றப் பத்திரங்களைத் திறந்தே பார்ப்பார்கள். இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து.

அதே வாரம்தான் என் குசினியில் சில்வண்டு கத்தத் தொடங்கியது. எங்கள் ஊரில் அதைச் சில்லூறு என்போம். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் கீழே நிலவறை. குளிர் தொடங்கி வெந்நீர்க் குழாய்கள் சூடேறியதும், முற்றத்தில் பூந்தொட்டிகளுக்கு அடியில் கிடந்தவை எல்லாம் அந்தச் சூட்டைத் தேடி உள்ளே வந்தன போலும்.

தொலைபேசியில் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "அப்பா, உங்கடை வீட்டிலையும் சில்லூறு இருக்கோ?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். பிறகு, "நீங்கள் கதைக்கிறதைவிட அது கதைக்கிறதுதான் வடிவாக் கேக்குது" என்றாள்.

அக்காவுக்குச் சந்தோஷம் இல்லை. மாலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கதவில் நின்றார்.

"தம்பி, உம்மடை வீட்டுக்கை ஒருத்தன் பாடுறான்."

"சில்லூறு அக்கா. குளிருக்கு வந்திட்டுது."

"குளிருக்கு வந்தால் வந்தமாதிரி இருக்கட்டும். ஏன் பாடவேணும்?" என்றவர், குரலை இன்னும் இறக்கி, "அந்த மனிசி வாற நேரம் இது பாடிச்சுதெண்டால்? பூச்சி இருக்கிற வீடு எண்டு ஒரு வரி எழுதினால் போதும், உம்மடை பிள்ளை அங்கைதான்" என்றார்.

நான் அதுவரை அப்படி நினைக்கவில்லை.

உணவகத்தில் எனக்கு மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை ஓய்வு. அந்த நேரத்தில் நாங்கள் சில்லூறு பிடித்தோம். நனைத்த பாண் துண்டில் சீனி தூவி அடுப்புக்குக் கீழே வைத்துவிட்டு, வெளிச்சத்தை அணைத்து, குசினி நிலத்தில் இருவரும் தவழ்ந்தோம். பக்கத்தில் போனால் அது நிறுத்திவிடும். நாங்கள் அசையாமல் இருந்தால் வேறு மூலையில் தொடங்கும். அக்கா பேசாமல் கையாலேயே எனக்குக் கட்டளை போடுவார்: அங்கே போ, நில், இப்போது. அகப்பட்டதை யோகட் கப்பால் மூடி, நாட்காட்டி அட்டையைக் கீழே செருகி, பிறகு மூடியைப் போடுவார். அந்த மூடியில் சட்டை ஊசியால் முன்கூட்டியே துளைகள் குத்தி வைத்திருந்தார்.

"மூச்சு முட்டிச் செத்தால் அந்தப் பழி ஆருக்கு?" என்றார்.

கப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு தண்டவாளங்களுக்கு மேலான பாலத்துக்குப் போவோம். கம்பி வேலியின் கீழே புல் இருக்கும் இடமாகப் பார்த்து அக்கா மூடியைத் திறப்பார். "இஞ்சை நிண்டு ரயிலோடை போட்டி போடு. ஒருத்தரும் கடிதம் போடமாட்டினம்" என்று அதற்குச் சொல்லி அனுப்புவார். அப்படி நான்கைந்து போயின. போகப் போக வேறு வந்தன.

"பிடிச்சால் மட்டும் காணாது," என்றார் அக்கா. "வாற வழியை அடைக்கவேணும்."

மறுநாள் ஒரு பையோடு வந்தார். சிலிக்கோன் பசை, இரும்புத் தும்பு, மண்ணிற டேப், கத்தரிக்கோல். மூன்று பிற்பகல்கள் வேலை செய்தோம். குழாய் சுவருக்குள் போகும் இடம், நிலப்பலகைக்கும் சுவருக்கும் இடையில் ஓடும் வெடிப்பு, மின்பெட்டிக்குப் பின்னால் இருந்த துவாரம். நான் வெளிச்சம் பிடித்தேன். அக்கா முழங்காலில் நின்று விரலால் பசையை வழித்து வழித்து விட்டார். கடைசியாக, அடுப்புக்குப் பின்னால், நிலத்துக்குச் சற்று மேலே, ஒரு சதுரத் தகடு அகப்பட்டது. முழுக்கத் துளைகள். அதன் வழியாகக் குளிர் காற்று வந்து அவருடைய கையில் அடித்தது. யன்னலின் மேல் சட்டத்திலும் அதேபோல நீளமாக ஒன்று.

"சுவரிலை சல்லடை வைச்சிருக்கிறாங்கள்," என்றார் அக்கா. "குளிரையும் பூச்சியையும் வெத்திலை வைச்சுக் கூப்பிடுற மாதிரி."

"இதை அடைக்கலாமோ அக்கா?"

"என்ரை வீட்டிலை வந்த வருஷமே அடைச்சிட்டன். ஆர் வந்து பாத்தது?"

தகட்டின் மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் டேப், சுற்றிவர சிலிக்கோன். காய்ந்த பிறகு சுவரின் நிறத்தில் வெள்ளைப் பூச்சும் அடித்தார். அவ்வளவு நேர்த்தி. நான் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். இனி ஒரு எறும்பும் வராது என்று அவள் பதில் எழுதினாள்.

உண்மைதான். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. யன்னல் கண்ணாடியில் மட்டும் காலையில் தண்ணீர் ஓடியது. சமைத்துக் குளித்துவிட்டு உட்கார்ந்தால் தலையிடித்தது. சுவரில் மாட்டியிருந்த காஸ் வெந்நீர்ப் பெட்டி எரியும் நேரம் கொஞ்சம் மயக்கமாகவும் இருந்தது. பயத்தில் நித்திரை இல்லை, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன். அக்காவிடம் சொன்னபோது தைலம் தந்தார். அவருக்கும் ஒவ்வொரு குளிர்காலமும் தலையிடிதான். கம்பளித் துணியை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மார்ச் வரைக்கும் இருப்பார். "இந்த நாட்டுக் குளிர் நேரே தலைக்குள்ளைதான் போகும்" என்பார்.

வியாழக்கிழமை வந்தது. முதல்நாளே அக்கா எனக்குப் பாடம் நடத்திவிட்டிருந்தார்.

"நான் வெளியிலை தலைகாட்ட மாட்டன். என்னைக் கண்டால் இஞ்சை இன்னும் ஆக்கள் ஒளிச்சிருக்கினம் எண்டு நினைப்பா. நீர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். கூடக் கதைச்சுப்போடாதையும்."

கூடக் கதைத்துவிடுவேன் என்று என்னைப் பற்றிப் பயந்த ஒரே ஆள் அவர்தான்.

அதிகாரி என் வயதுப் பெண். குட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் ஒரு பை. சிவப்புப் புள்ளி விழும் ஒரு கருவியைச் சுவரில் பிடித்து அளந்தார். அறை போதும் என்று தலையாட்டினார். கட்டில் எங்கே, பிள்ளை எங்கே படுப்பாள் என்று கேட்டார். காட்டினேன். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. குசினிக்கு வந்ததும் யன்னலில் ஓடிய தண்ணீரைப் பார்த்தார். வெந்நீர்ப் பெட்டியைப் பார்த்தார். பிறகு குனிந்து அடுப்புக்குப் பின்னால் கையை விட்டு, வெள்ளைப் பூச்சின் மேல் விரலால் தட்டினார். சுவர்ச் சத்தம் கேட்கவில்லை. தகட்டுச் சத்தம் கேட்டது.

"இங்கே காற்று வரும் வழி இருக்க வேண்டும். இதை மூடியது யார்?" என்று பிரெஞ்சில் கேட்டார். கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

எனக்கு உணவகப் பிரெஞ்சு தெரியும். தட்டு, கரண்டி, சூடு, சீக்கிரம். இந்தக் கேள்வியும் விளங்கியது. பதில்தான் வரவில்லை. நான் என்றால் என் விண்ணப்பம் போய்விடும். அக்கா என்றால் அவருக்கு என்ன வரும் என்று தெரியாது. பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

தகட்டுச் சத்தம் எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்க வேண்டும், என் வீட்டுக் கதவு திறந்தது. அக்கா. தலையில் கம்பளித் துணி, வீட்டுச் சட்டை, காலில் இரண்டு வேறு வேறு செருப்பு.

"மதாம், செ முவா," என்றார். நான்தான் என்று அர்த்தம். பிறகு என்னைக் காட்டி, "லுயி, ரியான்" என்றார். இவனுக்கு ஒன்றும் இல்லை, ஒன்றும் தெரியாது என்று சொல்ல வந்தார் போலும். ஏன் மூடினார் என்பதைச் சொல்ல, சில்லூறுக்கான பிரெஞ்சுச் சொல் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு சுட்டுவிரல்களையும் நெற்றியில் கொம்புபோல நிறுத்தி, "க்ரீக், க்ரீக்" என்று கத்திக் காட்டினார். அந்த முற்றத்துக்குள் அவர் அவ்வளவு சத்தமாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதிகாரிக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு வரப்பார்த்தது. ஆனால் அவர் அக்காவின் தலைக்கட்டைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்குத் தலைவலி வருமா? குளிர்காலத்தில்? வீட்டுக்குள் இருக்கும்போது?"

நான் தமிழில் சொன்னேன். அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, இவ சாத்திரக்காரியோ?" என்றார்.

உங்கள் வீட்டிலும் இதை மூடியிருக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். ஓம். எத்தனை குளிர்காலம்? அக்கா எட்டு விரல்களைக் காட்டினார். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொல்லத் தொடங்கினார். நெருப்பு காற்றைத் தின்னும். புதுக் காற்று வராவிட்டால் அது ஒரு நச்சுவாயுவை விடும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். ஒருநாள் படுத்தவர்கள் எழும்பமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரியவராது.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். "அதுக்கு மணமும் இல்லையாம், சத்தமும் இல்லையாம்" என்று நான் சொன்னதும் தலையாட்டுவதை நிறுத்தினார். கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மணமும் இல்லையோ?" என்றார்.

"இல்லையாம்."

"சத்தமும் இல்லாமல்?"

"ஓம் அக்கா."

அதிகாரி காகிதங்களைக் கையில் எடுத்தார். தான் முற்றத்தில் நின்று மற்றப் பக்கங்களை எழுதப்போவதாகவும், குசினியைக் கடைசியாக வந்து பார்ப்பதாகவும் சொன்னார். வாசலில் நின்று திரும்பி, பூச்சிக்குப் பயம் என்றால் கம்பிவலை வைக்கலாம், அடைபடாமல் துடைத்துக்கொண்டால் போதும் என்றார். "ஒரு சில்வண்டுக்காக நான் யாருடைய வீட்டையும் மறுத்ததில்லை, மிசியே" என்றார். அதை நான் தமிழில் சொல்ல மறந்துவிட்டேன். எனக்கே வைத்துக்கொண்டேன்.

அக்கா மீன் வெட்டும் கத்தியால் தன் வேலையைத் தானே கிழித்தார். நான் யன்னல் மேல் ஏறினேன். தகட்டிலிருந்து டேப் உரிந்ததும் குளிர் காற்று பாய்ந்து வந்து அடுப்பின் மேல் கிடந்த கடதாசியைத் தள்ளிவிட்டது. பிறகு இருவரும் எதிர்வீட்டுக்கு ஓடினோம். அங்கே எட்டு வருடத்து டேப். சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதிகாரி முற்றத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதினார். கடைசியாக வந்து இரண்டு இடத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். என் பத்திரத்தில் சரி என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். காஸ் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு இரண்டு வெந்நீர்ப் பெட்டிகளையும் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அக்கா தலையில் துணியில்லாமல் வந்தார். வெறும் தலையோடு அவரைப் பார்க்க எனக்குப் புதிய ஆள்போல இருந்தது.

"தம்பி, தலை எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியேல்லை," என்றார்.

இதோடு அவர் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். மிக்சிக்குப் போர்வை தொடர்ந்தது. நாடகம் ஊமையாகவே ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தகடுகளில் நாங்கள் வைத்த கம்பிவலையைப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பது மட்டும் புதிதாகச் சேர்ந்தது. அவருடைய வீட்டில் முடித்துவிட்டு என்னுடைய வீட்டுக்கும் வருவார். சில வருடங்களுக்குப் பிறகு லண்டனில் இருந்த தங்கையோடு போய்ச் சேர்ந்துகொண்டார். கொஞ்சக் காலம் தொலைபேசியில் பேசினோம். இருவருமே மெல்லப் பேசுகிறவர்கள், அதனால் பாதி விளங்காது. பிறகு அதுவும் நின்றுபோனது. ஒக்டோபரில் எங்கேயாவது சில்லூறு கத்தினால் அவரைத்தான் நினைப்பேன். எட்டுக் குளிர்காலம் ஒன்றும் ஆகாமல் தாண்டிவிட்டாரே என்று ஒரு ஆறுதலும் வரும்.

அதிகாரி வந்துபோன அந்தக் குளிர்காலமே, தை மாதக் கடைசியில், பதில் கடிதம் வந்தது. நான் வாசித்தேன். விளங்கியது. இருந்தாலும் நம்பாமல் அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கடிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கீழே இருந்த முத்திரையை நெடுநேரம் பார்த்தார்.

"சரிதான் தம்பி," என்றார். "எத்தனை பேர் வருகினம்?"

"ரெண்டு பேர் அக்கா. அவவும் பிள்ளையும்."

"அப்ப உம்மோடை மூண்டு."

"ஓம்."

அவர் சாமித் தட்டிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்திக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். குசினியில் முழங்காலில் இருந்து, அடுப்புக்குப் பின்னால் தகட்டுக்கு நேரே அந்தப் பத்தியைப் பிடித்தார். முதலில் புகை நேரே மேலே போனது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். நானும் பார்த்தேன். சற்றுப் பொறுத்து, புகை வளைந்து, வீட்டுக்குள் எங்களை நோக்கி வந்தது.

"வருது," என்றார் அக்கா. "மூண்டு பேருக்கும் காணும்."